கரண்ட் கம்பம் வராத காட்டுல குடும்பம் நடத்துறது: ஏன் வர்றாங்க, வந்தா என்ன தெரிஞ்சுக்கணும்

ஆஃப் கிரிட், அதாவது ஈபி லைன் இல்லாம நமக்கு வேண்டிய கரண்ட நாமளே எடுத்துக்கிட்டு வாழறதுன்னு சொன்னதும் நெறைய பேருக்கு மனசுல ஒரு படம் வருது, மலையடிவாரத்துல ஒரு மண்ணு வீடு, மேல சோலார் பேனல், முன்னாடி வாழைமரம், வேலைய விட்டுட்டு வந்த ஒருத்தர் மண்வெட்டியோட நிக்கிறாரு. அந்த படத்துல அடுப்பாங்கரை இருக்காது, துணி துவைக்கிற கல்லு இருக்காது, கக்கூஸ் இருக்காது. நான் அதுங்கள பத்திதான் எழுதப்போறேன், ஏன்னா இந்த வாழ்க்கை நிக்கிறதும் உடையறதும் அங்கதான்னு இத்தன வருஷத்துல நல்லா தெரிஞ்சுபோச்சு.

நாங்க இருக்கறது திண்டுக்கல் மாவட்டத்துல நத்தம் பக்கம், சிறுமலை அடிவாரத்த பாத்த மாதிரி ஒரு மானாவாரி காடு. சுத்தி மாந்தோப்பு, புளியமரம், அங்கங்க தென்னை. நான், வீட்டுக்காரர், பொண்ணு, மாமியார் நாலு பேரு. வீட்டுக்காரர் மதுரையில கம்பெனிக்கு போய்க்கிட்டு இருந்தவர், இப்ப பாதி நேரம் வீட்ல இருந்தே கம்ப்யூட்டர் வேலை, மீதி நேரம் தோட்டம்.

ஏன் இப்படி ஒரு எடத்துக்கு வந்தீங்கன்னு கேட்டா ஆளாளுக்கு ஒரு காரணம் இருக்கு. எங்க காரணம் ரொம்ப சாதாரணம், நெலம் அங்க இருந்துச்சு, கம்பம் அங்க வரல. நம்ம ஊர்ல விவசாயத்துக்கு கரண்ட் ஃப்ரீதான், ஆனா பதிவு பண்ணி வச்சுட்டு வருஷக்கணக்கா காத்துக்கிடக்கறவங்க எத்தனையோ பேரு, சீக்கிரம் வேணும்னு தட்கல்ல போனா 5 எச்.பி. மோட்டாருக்கே 2.5 லட்சம் கட்டணும்னு வச்சிருந்தாங்க. வீட்டு சர்வீஸ்னாலும் கடைசி கம்பத்துல இருந்து எவ்வளவு தூரம், நடுவுல யாரு நெலம், அவங்க கம்பம் நட விடுவாங்களான்னு ஆயிரம் பேச்சு. அந்த அலைச்சல பாத்துட்டு சோலாரே போட்டுக்கலாம்னு முடிவு பண்றவங்கதான் நான் பாத்த வரைக்கும் அதிகம்.

அப்புறம் கரண்ட் மேல நம்பிக்கை போனவங்க. 2012 வாக்குல கிராமத்துல ஒரு நாளைக்கு 12 மணி நேரம், 14 மணி நேரம் கட் ஆச்சே, அப்ப ராத்திரி முழுக்க விசிறிமட்டையால கொழந்தைக்கு வீசிக்கிட்டு உக்காந்திருந்த அம்மாக்களுக்கு இது புரியும். டெல்டா பக்கம் 2018 நவம்பர் 16 கஜா புயல். வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணின்னு தென்னையோட சேந்து கம்பமும் மொத்தமா சாஞ்சு, வாரக்கணக்குல கரண்ட் இல்ல, ஜெனரேட்டர் வாடகைக்கு புடிச்சு டேங்குக்கு தண்ணி ஏத்துனாங்க. அந்த பக்கத்து சொந்தக்காரங்க சில பேரு அதுக்கப்புறம் சின்னதா ஒரு பேனலும் பேட்டரியும் வாங்கி வச்சுக்கிட்டாங்க.

இயற்கை விவசாயத்த ஊர் ஊரா கொண்டுபோன நம்மாழ்வார் அய்யாவால வந்தவங்களும் உண்டு. கரூர் மாவட்டம் கடவூர் பக்கம் அவரு ஆரம்பிச்ச வானகம் பண்ணையில பயிற்சிக்கு போயிட்டு நெலம் தேட ஆரம்பிச்ச பசங்க எங்க ஏரியாவுலயே இருக்காங்க. 2013 டிசம்பர் 30 அவரு காலமானதுக்கு அப்புறமும் அந்த வரத்து நிக்கல. ஆரோவில் பக்கம் சாதனா ஃபாரெஸ்ட்னு ஒரு எடம் இருக்கு, 2003ல ஆரம்பிச்சது, சோலார், கம்போஸ்ட் கக்கூஸ், காடு வளக்கறதுன்னு இருப்பாங்க, அங்க போய் பாத்துட்டு இப்படியும் வாழலாமான்னு திரும்பி வர்றவங்க உண்டு. 2020 கொரோனா வந்ததும் வேற ஒரு கூட்டம், வீட்ல இருந்தே வேலை பாக்கலாம்னா அந்த வீடு எங்க இருந்தா என்னன்னு யோசிச்சவங்க.

பணம் மிச்சமாகும்னு வர்றவங்களுக்கு மட்டும் தெளிவா ஒண்ணு சொல்லிடறேன். தமிழ்நாட்டுல அந்த கணக்கு உதைக்கும். வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் 2016ல இருந்து ஃப்ரீ. எங்க வீட்டு செலவு ஒரு நாளைக்கு ரெண்டரை யூனிட், ரெண்டு மாசத்துக்கு 150 யூனிட், அதாவது ஈபி கரண்ட் இருந்தா 50 யூனிட்டுக்குத்தான் காசு, 300 ரூபாய்க்குள்ள முடிஞ்சிரும். எங்க பேனல், பேட்டரி, இன்வெர்ட்டர், ஸ்டாண்டு, வயரிங் எல்லாம் சேத்து ரெண்டரை லட்சத்தை தாண்டிருச்சு. பேட்டரி செத்து மாத்தற நாள் வந்தாலும் போட்ட காசு திரும்பி வந்திருக்காது. 2024 பிப்ரவரியில வந்த, வீட்டுக் கூரை சோலாருக்கான சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா மானியம் குடுக்கறாங்க, ஆனா அது ஈபி கனெக்‌ஷன் இருக்கற வீட்டுக்குத்தான், நம்மள மாதிரி தனியா நிக்கிறவங்களுக்கு கெடையாது. நமக்கு கெடைக்கறது தோட்டத்து சோலார் மோட்டாருக்கு மட்டும், பி.எம். குசும்னு ஒரு திட்டம், வேளாண் பொறியியல் துறையில எழுதிக் குடுக்கணும், மானியம் மத்திய அரசு 30, மாநில அரசு 30 சதவீதம். போர் இருக்கறவங்க அத விட்ராதீங்க.

சரி, வந்தாச்சுன்னா மொதல்ல எத பாக்கணும்? எல்லாரும் பேனல் எத்தன வாட்ஸ்னுதான் ஆரம்பிப்பாங்க. தண்ணியில ஆரம்பிக்கணும். நெலம் பாக்க வந்தப்ப பக்கத்து தோட்டத்து அப்பத்தா ஒண்ணு எங்கிட்ட கேட்டுச்சு, "ஏத்தா, கார்த்திகையில வந்து கெணத்த எட்டிப் பாத்துட்டு போறியே, சித்திரையில வந்து பாத்தியா?" அந்த ஒரு கேள்விக்காக வாங்கறத தள்ளி வச்சு கோடையில வந்து பாத்தோம், கெணத்துல எந்த படிக்கட்டு வரைக்கும் தண்ணி நிக்குதுன்னு பாத்துட்டுத்தான் அட்வான்ஸ் குடுத்தோம். நெலம் தேடறவங்க எல்லாருக்கும் நான் இதையேதான் சொல்றேன், மார்ச்ல இருந்து மே வரைக்கும் போய் பாக்காம கையெழுத்து போடாதீங்க.

மோட்டார பேட்டரியில ஓட்டாதீங்க. 1 எச்.பி.னா 746 வாட்ஸ், ஸ்டார்ட் ஆகறப்ப அதுக்கு பல மடங்கு இழுக்கும், அதுக்கு ஏத்த இன்வெர்ட்டர் வாங்குனா காசு எங்கயோ போயிரும். எங்களுது பேனல்ல இருந்து நேரா ஓடற டிசி மோட்டார், நடுவுல பேட்டரியே கெடையாது. காலையில வெயில் ஏறுனதும் குழாய்ல காத்துதான் மொதல்ல வரும், புஸ்ஸு புஸ்ஸுன்னு, அப்புறம் சுண்டு விரல் கனத்துக்கு தண்ணி, பத்து பத்தரைக்கு மேல கை கனத்துக்கு கொட்டும், மேகம் ஒண்ணு சூரியன மறைச்சா அப்படியே மெலியும், வெலகுனா மறுபடி பெருக்கும். மோட்டார் சத்தத்த கேட்டே வானத்துல மேகம் இருக்கா இல்லையான்னு மாமியார் அடுப்பாங்கரையில இருந்து சொல்லிருவாங்க. அந்த தண்ணி மேட்டுல கட்டுன 10,000 லிட்டர் தொட்டிக்கு போகுது. பேட்டரியில கரண்ட சேத்து வைக்கறத விட தொட்டியில தண்ணிய சேத்து வைக்கறது ரொம்ப மலிவு, வீணாவும் போகாது. தொட்டிய எவ்வளவு உசரத்துல வைக்கறோமோ அதுதான் குழாய்ல வர்ற பிரஷர், 33 அடி உசரத்துக்கு ஒரு கிலோ. எங்க காட்டுல மேடு இருந்ததால பிரஷர் பம்ப்பே தேவைப்படல, வாஷிங் மெஷினுக்கும் தண்ணி ஏறுது.

கூரைத் தண்ணிய விடாதீங்க. 1000 சதுர அடி கூரையில 1 சென்டிமீட்டர் மழை பெஞ்சா ஏறக்குறைய 900 லிட்டர். எங்க பக்கம் போர் தண்ணி உப்பு, பருப்பு வேகாது, அதனால குடிக்க சமைக்க மழைத்தண்ணிதான். மொத மழைய வெளிய விட்டுட்டு அப்புறம் கரி, மணல், ஜல்லி வழியா தொட்டிக்கு விடணும், தொட்டிக்குள்ள வெளிச்சமே போகக்கூடாது, போனா பாசி புடிச்சிரும்.

இப்ப கரண்ட் கணக்கு. ரெண்டு ஃபேன் 12 மணி நேரம் ஓடுதுன்னு வச்சுக்கங்க, பழைய ஃபேன் 75 வாட்ஸ், அதுக்கே 1.8 யூனிட் போயிரும். கரண்ட் கம்மியா இழுக்கற பிஎல்டிசி ஃபேன்னா 30 வாட்ஸ்தான், 0.72 யூனிட். கூட ஒரு பேனல் வாங்கறத விட ஃபேன மாத்தறது லாபம், இத பேனல் விக்கிறவங்க யாரும் சொல்ல மாட்டாங்க. லைட்டு ஒரு கால் யூனிட்டு, லேப்டாப்பு 0.4, நல்ல இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜ் 0.9, போன், மோடம், மிக்ஸி எல்லாம் சேத்து இன்னொரு கால், ஆக மொத்தம் ரெண்டரை. நம்ம ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் நாளைக்கு நாலு யூனிட் சுமாரா குடுக்கும், அப்ப ஒரு கிலோவாட்டே போதுமேன்னு தோணும், போதாது. நாங்க 2 கிலோவாட் போட்டதே ஐப்பசி கார்த்திகைக்காகத்தான். அடைமழைன்னு மூடுச்சுன்னா கால்வாசி கூட வராது. தெக்கு பாத்து பத்து பன்னெண்டு டிகிரி சாய்ச்சு வச்சா போதும், அதுக்கு மேல சாய்க்கத் தேவையில்ல.

பேட்டரி லித்தியம், 51.2 வோல்ட் 100 ஆம்பியர், அதாவது 5 யூனிட் சுமாரு. வீட்டு இன்வெர்ட்டருக்கு வழக்கமா வைக்கற ட்யூபுலர் பேட்டரி வெல கம்மிதான், ஆனா பாதிக்கு மேல எறக்குனா ஆயுசு கொறையும், டிஸ்டில்ட் வாட்டர் பாத்து பாத்து ஊத்தணும், நாலஞ்சு வருஷத்துல மாத்தணும். அந்த தண்ணி ஊத்தற வேலை யார் தலையில விழும்னு யோசிச்சுதான் நான் லித்தியமே வேணும்னு நின்னேன்.

அடைமழை வாரம் எப்படி போகும்னு சொல்றேன். மொத நாள் மூடாப்பு, பேட்டரி 90 சதவீதத்துல நிக்கும், யாரும் கண்டுக்க மாட்டாங்க. ரெண்டாவது நாள் காலையில 60. அப்பவே நான் ஃப்ரிட்ஜ ஆஃப் பண்ணிருவேன், 40 வர்ற வரைக்கும் காத்திருக்கக்கூடாது. ஃப்ரிட்ஜ்ல இருக்கற மாவு அன்னைக்கு ராத்திரிக்கே தோசையா தீந்துரும். அதுக்கப்புறம் மாவாட்டறது கெடையாது, கேப்பைக் களி, சோறு, கருவாட்டுக் கொழம்பு, அப்பளம். வாஷிங் மெஷினுக்கு லீவு. லேப்டாப்புக்கும் ஃபோனுக்கும் மட்டும் கரண்ட், குளிரா இருக்கறதால ஃபேன் தேவைப்படாது, அதுவே பெரிய ஒத்தாசை. மூணாவது நாளும் வெயில் வரலன்னா சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் ஒண்ணு இருக்கு, ஒரு மணி நேரம் ஓட்டி பேட்டரிய ஏத்திக்குவோம். ஜெனரேட்டரா, அது புகையாச்சே, இயற்கை வாழ்க்கை இல்லையேன்னு சில பேரு சங்கடப்படுவாங்க. மாமியாருக்கு இழுப்பு இருக்கு, நெபுலைசர் ஓடணும், அதுக்கு முன்னாடி கொள்கை பெருசு இல்ல.

மத்த நாள்ல வேலைய வெயிலோட ஒட்டி வச்சுக்கறதுதான் சூட்சுமம். பதினொண்ணுல இருந்து ரெண்டு மணிக்குள்ள பேட்டரி ஃபுல் ஆகி பேனல்ல வர்ற கரண்ட் சும்மா போகும், அந்த நேரத்துல கிரைண்டர், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ் ஒவ்வொண்ணா ஓட்டிரணும். ராத்திரி எட்டு மணிக்கு சட்னி அரைக்கறது மிக்ஸிக்கு அஞ்சு நிமிஷம்தான், பரவாயில்ல. அயர்ன் பாக்ஸ ராத்திரி போடறது வேண்டாம்.

இடி மின்னலுக்கு பயப்படுங்க. கோடை மழைக்கு எங்க மலையடிவாரத்துல விழற இடி சொல்லி மாளாது. மின்னலால திடீர்னு பாயற கரண்ட எர்த்துக்கு தள்ளி விடற சர்ஜ் அரெஸ்டர் போடுங்க, எர்த்து குழி ரெண்டு தனித்தனியா எடுங்க, கோடையில அந்த குழிக்கு தண்ணி ஊத்துங்க, மண்ணு காஞ்சு போச்சுன்னா எர்த்து வேலை செய்யாது. வயரிங் பண்றவர் இதெல்லாம் எதுக்கும்மான்னு சொல்லுவாரு, அவரு பேச்ச கேக்காதீங்க.

அடுப்புக்கு கோபர் கேஸ், அதாவது சாண எரிவாயு. வீட்டுக்கு 2 கன மீட்டர் பிளாண்ட் போதும், ஆனா அதுக்கு தெனமும் 50 கிலோ சாணி வேணும், நாலஞ்சு மாடு இருந்தாத்தான் கட்டுப்படியாகும், நாட்டு மாடுன்னா சாணி கொறைவாத்தான் போடும். காலையில தொழுவத்துல அள்ளுன சாணிய தொட்டியில கொட்டி, சாணி அளவுக்கே தண்ணி ஊத்தி, வைக்கோல் துரும்பு, கல்லு எல்லாம் கையால பொறுக்கி எடுத்துட்டு, தோசை மாவு பதத்துக்கு கரைச்சு உள்ள விடணும். துரும்ப விட்டா மேல ஏடு கட்டி கேஸ் வராது. இது தெனமும் செய்யற வேலை, தீபாவளி அன்னைக்கும் உண்டு. அந்தப் பக்கம் கழிவா வர்ற சாணிக் கரைசல் தோட்டத்துக்கு அருமையான உரம், எங்க வாழையும் முருங்கையும் அதுலதான் நிக்குது. மார்கழி குளிருக்கு கேஸ் கொறையும், அதுக்கு சிலிண்டர் ஒண்ணும் வெறகடுப்பு ஒண்ணும் வச்சிருக்கோம்.

கக்கூஸுக்கு ரெட்டைக் குழி. ஒரு குழி நெறைஞ்சதும் அத மூடிட்டு அடுத்த குழிக்கு திருப்பி விடணும், மூடுனது ஒண்ணு ரெண்டு வருஷம் கெடந்தா மண்ணாயிரும், லாரி கூப்பிட வேண்டியதில்ல. கெணத்துல இருந்து நல்லா தள்ளி, பள்ளத்துப் பக்கமா தோண்டணும். தண்ணி ரொம்ப கொறைவான எடம்னா முசிறி பக்கம் ஈகோசான்னு தண்ணி ஊத்தாத கழிப்பறை கட்டியிருக்காங்க, அத பத்தி விசாரிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

பாம்பு பத்தி கேக்காதவங்களே இல்ல. இருக்கு. நல்லபாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் நாலும் எங்க பக்கம் உண்டு. பயப்பட வேண்டியது கட்டுவிரியனுக்கு, ராத்திரி தரையில படுத்திருக்கறவங்கள கடிக்கும், கடிச்சது கூட தெரியாது, விடியக்காலையில வயித்து வலி, கண்ணு சொக்குதுன்னு ஆரம்பிக்கும். அதனால கட்டில், கொசுவலை, ராத்திரி வெளிய போனா டார்ச்சும் செருப்பும், இது நாலும் எங்க வீட்ல சட்டம். கடிச்சா கட்டு போடாம, கீறாம, பச்சிலை தேடாம நேரா அரசு ஆஸ்பத்திரி. இந்த வெஷமுறிவு மருந்துக்கு வெஷம் எடுத்துக் குடுக்கறது மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில 1978ல இருந்து நடக்கற இருளர் பாம்பு பிடிப்போர் சங்கம், அந்த மக்களுக்கு நாம பட்டிருக்கற கடன் ரொம்ப பெருசு.

காட்டு மாடும் பன்னியும் எறங்கும். சோலார் வேலி போடலாம், ஆனா காட்டை ஒட்டுன நெலத்துல மின்வேலிய பதிவு பண்ணணும்னு 2023ல விதி வந்திருக்கு, வனத்துறையில கேட்டுட்டு முறையா போடுங்க. லைன்ல இருந்து நேரா கம்பிக்கு கரண்ட் குடுக்கற பாவத்த மட்டும் யாரும் பண்ணாதீங்க, மனுசனும் சாகுறான், மிருகமும் சாகுது.

தனியா இருக்கலாம்னு வர்றவங்ககிட்ட நான் சொல்றது, டவுன்ல பக்கத்து வீட்டுக்காரர் பேரு தெரியாம பத்து வருஷம் ஓட்டலாம், இங்க பத்து நாள் ஓட்ட முடியாது. கன்னு போட மாடு கஷ்டப்பட்டா ஓடி வர்றது பக்கத்து தோட்டத்து மாமா. ஊர் பொங்கலுக்கு வரி குடுங்க, எழவு வீட்டுக்கு போய் நில்லுங்க, கெடா வெட்டுக்கு கூப்பிட்டா போங்க. இயற்கை விவசாயம் எப்படின்னு அவங்களுக்கு பாடம் எடுக்காதீங்க, கேட்டுக்கங்க.

கடைசியா எனக்கு ரொம்ப முக்கியமா படறது. இந்த மாதிரி வந்துட்டு திரும்பிப் போன குடும்பங்கள நான் பாத்திருக்கேன், அதுல அநேகமா எல்லா எடத்துலயும் முடிவு எடுத்தது ஒருத்தர், வேலை விழுந்தது இன்னொருத்தர் மேல. வாஷிங் மெஷின் வேணாம், கையால துவைக்கலாம்னு சொன்னவர் துவைக்கல. மிக்ஸி எதுக்கு, அம்மி இருக்கேன்னு சொன்னவர் அரைக்கல. எங்க வீட்ல பேனல் கணக்கு போடறதுக்கு முன்னாடி நான் ஒரு பேப்பர எடுத்து காலையில அஞ்சரைல இருந்து ராத்திரி படுக்கற வரைக்கும் வீட்ல என்னென்ன வேலை, யாரு செய்யறாங்கன்னு எழுதுனேன். வாஷிங் மெஷின், மிக்ஸி, கிரைண்டர், ஃப்ரிட்ஜ் நாலும் இருக்கணும்னு சொல்லி அதுக்கு ஏத்த மாதிரிதான் சிஸ்டம் போட்டோம். சாணி கரைக்கறது வீட்டுக்காரர் வேலை, மழைத்தண்ணி தொட்டி கழுவறதும் அவரு வேலை. பொண்ணு ஸ்கூல் பஸ் ஏற மெயின் ரோடு வரைக்கும் கொண்டுபோய் விடணும், அத மாத்தி மாத்தி செய்யறோம். வரணும்னு நெனைக்கறவங்க அந்த பேப்பர மொதல்ல எழுதுங்க, வீட்ல எல்லாரையும் உக்கார வச்சு, வயசானவங்களையும் சேத்து.

இப்ப லைன் எங்க காட்டுக்கு ரெண்டு தோட்டம் தள்ளி வரைக்கும் வந்துருச்சு. சர்வீஸ் வாங்குவீங்களான்னு கேக்கறாங்க. வாங்குவோம், எழுதியும் குடுத்தாச்சு. மாமியாரோட நெபுலைசருக்கும், அடைமழை வாரத்துக்கும், அந்த 100 யூனிட் இருந்துட்டு போகட்டும். ஜெனரேட்டர வித்துரலாம்னு இருக்கேன். தண்ணியும் சோலாரும் கோபர் கேஸும் இப்ப இருக்கற மாதிரியே ஓடும்.